கள்ளிமேட்டுச் சிவப்புக் கோடு

எழுபத்தொன்பதாம் வருஷம் செம்மண்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு இருபத்தாறு வயது. தினமும் காலையில் மதுரைக்குள் டவுன் பஸ் பிடித்து ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து உசிலம்பட்டி போகும் பஸ்ஸில் ஏறி, கையில் தயிர்சாத டப்பாவுடன் செம்மண்பட்டி விலக்கில் இறங்கும். பெயர் பத்ரிநாத். சுகாதார நிலையங்களில் மாதக் கணக்குகளைத் தொகுப்பவனுக்கு அரசாங்கம் அந்த நாளில் வைத்திருந்த பதவிப் பெயர்தான் கம்ப்யூட்டர். எத்தனை கர்ப்பிணிகள் பதிவானார்கள், எத்தனை ஊசி போட்டார்கள், எத்தனை பிரசவம் பார்த்தார்கள் என்று ஐந்து நர்சுகள் கொண்டுவரும் நோட்டுகளைக் கூட்டிப் பெருக்கி மேலே அனுப்புவது அவன் வேலை.

வந்த முதல் ஆறு மாதம் அவன் கூட்டினான், பெருக்கினான், அனுப்பினான். அனுப்பியது எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒருநாள் சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் கட்டம் போட்ட பெரிய தாள்களைப் பார்த்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று பென்சிலும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தான். டாக்டரின் மேஜைக்கு எதிர்ச்சுவரில் அந்த வாரமே ஒரு படம் ஏறியது. ஐந்து ஊர், ஐந்து கோடு. நர்சு பதிவு செய்த கர்ப்பிணிகள் நூறு பேர் என்றால், அவள் நோட்டில் ஏறிய பிரசவம் எத்தனை என்பது கணக்கு. எழுபதுக்கு மேலே போனால் பச்சை, நடுவில் நின்றால் நீலம். ஐம்பதுக்குக் கீழே விழுந்தால் சிவப்பு.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

"பத்து வருஷமா நோட்டுதான்யா பார்க்கிறேன். இப்பத்தான் என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுது," என்றார்.

அந்த வார்த்தை பத்ரிநாத்துக்கு ஒரு மாதம் தாங்கியது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வயல்களைப் பார்க்கும்போது கூட, மேடும் பள்ளமுமாக ஓடும் வரப்புகள் அவனுக்குக் கோடுகளாகத் தெரிந்தன. எங்கோ பிள்ளை பிறக்கிறது, எங்கோ ஒருத்தி இரண்டு மைல் நடந்து போய்த் தொப்புள்கொடி அறுக்கிறாள். அதெல்லாம் தன் கைக்கு வந்து ஒரு மெல்லிய கோடாக மாறிவிடுகிறது என்பதில் அவனுக்கு ஒரு மயக்கம்.

நான்கு கோடுகள் ஏறி இறங்கிப் பச்சையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஊத்துப்பட்டி நர்சு ராமக்காளின் கோடு நூறையும் தாண்டியது. ஒரே ஒரு கோடு மட்டும் தரையோடு தரையாக ஊர்ந்தது. அது கள்ளிமேடு. அங்கே நர்சு அன்னக்கொடி.

அன்னக்கொடிக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கள்ளிமேட்டுத் துணை நிலையத்தின் பின்னறையில்தான் ஒன்பது வருஷமாகக் குடியிருந்தாள். வெள்ளைச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பிரசவப் பையைத் தலையில் வைத்து நடக்கிற பழக்கம். மாதக் கூட்டத்துக்கு வந்தால் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையில் உட்காருவாள்.

"என்னக்கா, இந்த மாசமும் உங்க கோடு படுத்தே கெடக்கு," என்று ராமக்காள் சீண்டுவாள்.

"அலுத்துப் போயிருக்கும். நாலு ஊரு நடக்குதுல்ல. உன்னுது மாதிரி உக்காந்த எடத்துலயே கொழுக்குமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். பத்ரிநாத்தும் சிரிப்பான். டாக்டர் சிரிக்கமாட்டார். மூன்று காலாண்டாக அவர் அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவட்டத்தில் அந்த வருஷம் ஒரு புது உத்தரவு வந்தது. தொடர்ந்து மூன்று காலாண்டு கடைசியில் நிற்கும் நர்சை வேறு ஊருக்கு மாற்றலாம். ஒவ்வொரு நிலையமும் ஒரு பட்டியல் தரவேண்டும். அதோடு, செம்மண்பட்டியில் ஒரு கணக்காளர் படம் போட்டு வைத்திருக்கிறாராமே, அவரையும் படத்தையும் கூட்டத்துக்கு அழைத்து வரவும் என்று தனியாக ஒரு வரி. பத்ரிநாத் அந்த வரியை நான்கு தடவை படித்தான். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய தாளில், பென்சிலுக்குப் பதில் மையில், ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தான். தலைப்பு எழுத்துகளுக்கு நிழல் கூடக் கொடுத்தான்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் அன்னக்கொடி தனியாக வந்தாள். டாக்டர் ஊசி போடும் முகாமுக்குப் போயிருந்தார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, மேஜையில் விரித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க தம்பி. கோலம் மாதிரி இருக்கு."

"உக்காருங்கக்கா."

"உக்காரல. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எம் பேரு பட்டியல்ல போகுதுன்னு சொன்னாக. நெசமா?"

அவன் தலையசைத்தான். கேட்டவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை.

"தம்பி, கள்ளிமேட்டுக்கு வந்திருக்கீங்களா?"

"இல்லக்கா."

"கால்வா வந்த பெறகு குடியேறுன ஊரு அது. அம்புட்டும் எளசுக. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி அங்க ஒரு வீடு கெடையாது. இருக்கிறவளுக பூராம் மருமகளுக, ஊத்துப்பட்டி பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவளுக. மொதப் பேறு, ரெண்டாம் பேறு எங்க பாப்பாளுக?"

பத்ரிநாத்துக்குத் தெரிந்ததுதான். அவன் வீட்டிலும் அக்காள் ராதாமணி ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துவரப்பட்டவள்தான்.

"ஆத்தா வீட்டுக்குப் போயிருவாளுக. மூணாம் மாசத்துல நான் பேரெழுதி, ஊசி போட்டு, ரத்தக் கொறவுக்கு மாத்திர குடுத்து, தெனம் போயி முழுங்கச் சொல்லிக் காவல் நின்னு வளத்துவிடுவேன். ஏழாம் மாசம் வளையலப் போட்டுக்கிட்டு வண்டி ஏறிருவா. பேறு ஊத்துப்பட்டில. அது ராமக்கா நோட்டுல ஏறும். நான் தப்பு சொல்லல, அவ எல்லைல பெறந்தா அவதான் எழுதணும். பேறுக்கு எங்கூருக்குத் திரும்பி வர, வெளிய வாக்கப்பட்டுப் போன மகளுக இல்ல. கள்ளிமேட்டுப் பொண்ணுக இப்பத்தான் அஞ்சாப்புப் படிக்குதுக."

"நீங்க அங்க போய்ப் பார்க்கிறதா ராமக்கா சொன்னாங்களே."

"ஞாயித்துக்கெழம போவேன். நாலு மைலு. வளத்தத விட்ற முடியுமா? போன மாசம் ரெண்டு பேறு நாந்தான் பாத்தேன். அவ நோட்டுல அவ எழுதிக்கிட்டா. நாந்தான் எழுதிக்கச் சொன்னேன்."

பத்ரிநாத் படத்தைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ராமக்காளின் நூற்றுப்பத்தும் அன்னக்கொடியின் முப்பத்தெட்டும் ஒரே ஆற்றின் இரண்டு கரை. ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். தாய்வீட்டில் பிரசவம் என்று ஒரு கட்டம். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒப்பிட்டால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் படம் மையில் இருந்தது. சிவப்புக் கோட்டை அழித்தால் தாள் கிழியும். மறுபடி வரைய ஒரு வாரம் ஆகும். கூட்டமோ நாளைக் காலை. மேலிருந்து வந்த படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. நாமாகப் போட்டால் ஏதாவது கேட்பார்கள், மற்ற நான்கு கோட்டையும் சந்தேகப்படுவார்கள். இப்படியெல்லாம் அவன் நினைத்தான். ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதிப் பட்டியலோடு குத்திவிடலாம் என்பதையும் நினைத்தான். அதை நினைத்தது அவனுக்குப் பின்னால் பல நாள் ஞாபகம் இருந்தது.

"அடுத்த காலாண்டுல சரி பண்ணிடுறேங்க்கா. புதுசா ஒரு கட்டம் போட்டுடுறேன். கண்டிப்பா," என்றான்.

அன்னக்கொடி அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு பையைத் தலையில் ஏற்றினாள்.

"சரி தம்பி. வாரேன்."

மாவட்டக் கூட்டத்தில் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். பெரிய அதிகாரி ஒருவர் பத்ரிநாத்தின் தோளில் தட்டினார். சிவப்புக் கோட்டைச் சுட்டிக்காட்டி, "இப்படித் தெரிஞ்சாத்தான் நடவடிக்கை எடுக்க முடியும்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவனுக்கு அன்று காபி ருசித்தது என்பதையும் சொல்லவேண்டும்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. அன்னக்கொடிக்கு ஆண்டிபட்டி தாண்டி வருசநாட்டுப் பக்கம் ஒரு மலையடி ஊர். கள்ளிமேட்டுக்கு நாகமணி என்ற புது நர்சு. நாகமணி கெட்டிக்காரி. முதல் கூட்டத்திலேயே சுவரைப் படித்துவிட்டாள். அவள் பெண்களிடம் கேட்ட முதல் கேள்வி, "பேறு இங்கயா, ஆத்தா வீட்டுலயா?" என்பது. தாய்வீடு என்றவளைப் பதிவு செய்யவே இல்லை. அன்னக்கொடி ஏற்கெனவே எழுதிவைத்திருந்த பெயர்களில் வண்டி ஏறியவர்களைக் கோடு போட்டு அடித்து, 'வெளியூர்' என்று பக்கத்தில் எழுதினாள். அடுத்த மாதம் கள்ளிமேட்டுக் கோடு எழுபத்தைந்துக்கு ஏறியது. பத்ரிநாத் அதைப் பச்சைப் பென்சிலால் வரைந்தான். கை ஓரிடத்தில் நின்றது. பிறகு வரைந்து முடித்தது. புதுக் கட்டம் போடவேண்டிய அவசியம் இனி யாருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த மாதம் ஒன்பதாம் தேதி ஒரு அஞ்சலட்டை வந்தது. முதல் வரியிலேயே 'கம்ப்யூட்டர் தம்பிக்கு' என்று இருந்தது. சின்னச் சின்ன எழுத்து, ஓரம் வரை.

'நலம். இங்கு குளிர். கீழே எழுதியிருக்கும் ஐந்து பேரும் நான் பேர் எழுதினவர்கள். இந்த மாதம் எல்லோரும் ஆத்தா வீட்டில் இருப்பார்கள். நாலு பேர் ஊத்துப்பட்டியிலேயே இருப்பதால் ராமக்கா கண்ணில் பட்டுவிடுவார்கள். ஐந்தாவது செல்லத்தாய், புருஷன் பேர் சுருளி. ஆத்தா வீடு ஊத்துப்பட்டி இல்லை, கண்மாய்க்கு அந்தப்பக்கம் கரட்டுக்காடு. ஏழு வீடுதான். அங்கு யாரும் போகமாட்டார்கள். எனக்கு அவள் காலில் வீக்கம் பிடிக்கவில்லை. ராமக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவும். அவள் ஊருக்குத் தபால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்லமுடியாது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.'

பத்ரிநாத் அட்டையை இரண்டு தடவை படித்தான்.  மனது சங்கடப்படும்போது மனிதன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறான். அவன் தபால் வரவுப் பதிவேட்டைத் திறந்து அட்டைக்கு நானூற்றுப் பதினேழு என்று எண் கொடுத்தான். மூலையில் 'ஒன்றாம் தேதி கூட்டத்தில் வைக்கவும்' என்று எழுதினான். கூட்டக் கோப்பில் சேர்த்துக் கட்டினான். நர்சுகளுக்கான தகவல் எல்லாம் கூட்டத்தில்தான் சொல்லப்படும். அதுதான் முறை. பிறகு ஆண்டுக் கணக்கு வந்தது. அதில் மூழ்கினான்.

இருபத்தேழாம் தேதி பதினோரு மணி வெயிலில் ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. வைக்கோலின் மேல் ஒரு பெண் கிடந்தாள். பற்கள் கிட்டியிருந்தன. ஒருத்தி அவள் வாயில் துணியை வைத்துப் பிடித்திருந்தாள். வண்டியோட்டி வந்த இளைஞன் மாட்டைக்கூட அவிழ்க்காமல் நின்றான்.

டாக்டர் ஓடிவந்து காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது. "எத்தனை தடவைய்யா வலிப்பு வந்துச்சு? எந்த நர்சு பாக்குறா இவளை?"

"யாரும் பாக்கலங்க. கரட்டுக்காடு. மாமனார் வீடுங்க," என்றான் இளைஞன். "எம் பேரு சுருளிங்க."

அந்தப் பெயர் எந்த அட்டையில் இருக்கிறது என்று பத்ரிநாத்துக்குத் தெரியும்.

ஊசி போட்டு, ஜீப்பில் ஏற்றி, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். செல்லத்தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. சில நாளில் அவளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். ஒன்றாம் தேதி கூட்டத்தில் அட்டை முறைப்படி வாசிக்கப்பட்டது.  கூட்டம் கலைந்த பிறகு ராமக்காள் அவன் மேஜைக்கு வந்தாள். அவள் வாயில் அன்றைக்குச் சீண்டல் இல்லை.

"ஒம்போதாம் தேதி வந்த அட்டையா தம்பி இது?"

"ஆமாக்கா."

"பதினஞ்சாந்தேதி மாத்திர வாங்க இங்கதான் வந்தேன். உங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டேன். இருவத்திரெண்டுலயும் வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனே."

அவன் அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"நான் பொல்லாதவதான்," என்றாள் ராமக்காள். "நூத்திப்பத்து, நூத்திப்பத்துன்னு ஆடுனவதான். ஆனா போயிருப்பேன்."

அந்த மாதக் கணக்கை அவன் தொகுத்தான். கள்ளிமேட்டில் பதிவான எட்டுப் பேரில் ஆறு பேருக்குப் பிரசவம். ஊத்துப்பட்டி நூறுக்கு மேல். செல்லத்தாயின் பெயர் கள்ளிமேட்டு நோட்டில் அடிக்கப்பட்டு 'வெளியூர்' என்று இருந்தது; ஊத்துப்பட்டி நோட்டில் ஏறவே இல்லை. ஐந்து கோடுகளும் பச்சை. சுவர் அத்தனை அழகாக அதுவரை இருந்ததில்லை.

அன்னக்கொடிக்குப் பதில் எழுத உட்கார்ந்தான். 'நீங்கள் எழுதிய ஐந்து பேரில் நால்வர் நலம்' என்று ஆரம்பித்தான். அடுத்த வாக்கியம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை ஓரத்தில் நூற்றுக்கு எண்பது என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்தவன் அட்டையை நான்காகக் கிழித்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரப்பாளையம் போய் ஆண்டிபட்டி பஸ் ஏறினான்.

ஆண்டிபட்டியில் இறங்கி இன்னொரு பஸ். அதிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் நடை. அன்னக்கொடி ஓட்டு வீடு ஒன்றின் வாசலில் உட்கார்ந்து, கொதிக்கவைத்த கத்தரிக்கோலைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி கூடுதலாக நரைத்திருந்தது, அல்லது அவன் முன்பு கவனிக்கவில்லை.

"அட, கம்ப்யூட்டர் தம்பியா. இம்புட்டுத் தூரம் எதுக்கு?"

நின்றபடியே சொன்னான். அட்டை வந்தது, எண் கொடுத்தது, கோப்பில் கட்டியது, ராமக்காள் இரண்டு தடவை வந்துபோனது. எதையும் விடவில்லை. பட்டியலோடு ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கலாம் என்று அன்றைக்கே தோன்றியதையும் சொன்னான். அவள் கத்தரிக்கோலைத் துடைப்பதை நிறுத்தவில்லை. அவன் முடித்ததும்தான் கை நின்றது.

"என்ன பிள்ள தம்பி? ஆணா, பொண்ணா?"

 அவனுக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை.

"சரி. பால் கட்டியிருக்குமே செல்லத்தாய்க்கு. பேறு ஆன ஒடம்பு, குடிக்க ஆளில்லன்னா நெஞ்சு கல்லா எறுகிப் போயிரும். காச்ச வரும். யாரும் போயிப் பாத்தாகளா?"

"தெரியலக்கா."

அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாளோ என்று நினைத்தான். ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடிக்கும் வரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய மாத்துனதுக்கு நீங்க இம்புட்டுத் தூரம் வர வேண்டாம். இங்கயும் பிள்ள பெறுறாளுக," என்றாள். "மூணு மணிக்கு ஒரு பஸ்சு. அத விட்டா கெடையாது. நாளைக்கு ராமக்காளைக் கூட்டிக்கிட்டுக் கரட்டுக்காட்டுக்குப் போங்க. வெந்நி ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க, துணிய இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. அவளுக்குத் தெரியும். போனா மட்டும் போதும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் அவன் வெளியே பார்க்கவில்லை. வெந்நீர் ஒத்தடம், இறுக்கிக் கட்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளை போல மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

திங்கட்கிழமை காலை அவன் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஊத்துப்பட்டியில் இறங்கி ராமக்காளோடு நடந்தான். கண்மாய்க் கரையில் ஏறி, வறண்ட மடை தாண்டி, கருவேலங்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. ஏழு வீடு. எண்ணவேண்டாம் என்று நினைத்தும் எண்ணிவிட்டான். செல்லத்தாயின் தாய் ராமக்காளை உள்ளே விட்டாள். அவனைப் பார்த்து, "இவரு யாரு?" என்றாள்.

"ஆபீசுல எழுதுறவரு," என்றாள் ராமக்காள்.

அவன் வெளியே வெயிலில் நின்றான். உள்ளே பாத்திரச் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், ஒரு பெண்ணின் மெல்லிய முனகல். சுருளி ஒரு ஓரமாகக் குத்தவைத்துக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை. அரை மணி நேரம் கழித்து ராமக்காள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கட்டித்தான் கெடந்துச்சு. காச்சலும் இருக்கு. நாளைக்கும் வாரேன்னு சொல்லியிருக்கேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, கேட்காமலே சொன்னாள்: "பொம்பளப் பிள்ளையாம்."

அன்று மத்தியானம் அவன் அன்னக்கொடிக்கு ஒரு அஞ்சலட்டை எழுதினான். 'பெண் குழந்தை. பால் கட்டியிருந்தது. ராமக்கா இன்று பார்த்தார்கள், நாளையும் போவார்கள். காய்ச்சல் இருக்கிறது.' வேறு எதுவும் எழுத வரவில்லை. கீழே பெயரைப் போட்டு, தானே நடந்துபோய் விலக்கில் இருந்த தபால்பெட்டியில் போட்டான்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், அனுப்புகைப் பதிவேட்டில் அதற்கு எண் கொடுக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. பதிவேடு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் எடுக்கவில்லை.